அறிவும் அமானிதமும்

சில கிழமைகளுக்கு முன் ஓர் அன்பர் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். தோல் வணிகம் செய்பவர்; மார்க்கப் பற்றும் உலக அனுபவமும் ஒருங்கே வாய்த்தவர். அவருடைய மகள் பட்டப் படிப்பில் நன்கு தேறி, அரசியல் பூசல்களையும் நாடுகளின் பாதுகாப்பையும் பன்னாட்டு உறவுகளையும் ஆராயும் துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தந்தைக்கு அது மனத்தில் ஒட்டவில்லை. "மருத்துவம் படித்தால் நோய் தீரும். கட்டடக் கலை படித்தால் வீடு நிற்கும். சண்டையைப் படித்தால் என்ன நிற்கும்?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, தணிந்த குரலில் இன்னொன்றும் கேட்டார்: "இவள் எழுதுவதை யார் வாங்கிப் படிப்பார்கள்? சண்டை போடுகிறவர்கள்தாமே?"

முதற் கேள்விக்கு அப்போதே ஏதோ விடை சொல்லி வைத்தோம். இரண்டாம் கேள்வி நம் வாயை அடைத்துவிட்டது. அன்பர் விடைபெற்றுச் சென்ற பின்னும் அது நம்மை விட்டபாடில்லை.

இத்துறைக்குப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்த வரலாறே துயரத்தில் தொடங்குவது. முதல் உலகப் போர் ஓய்ந்த மறு ஆண்டு, 1919-இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக் கழகக் கல்லூரியில் பன்னாட்டு அரசியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவப்பெற்றது. உலகில் அத்தகைய பதவி அதுவே முதலாவது. போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் என்னும் செல்வரும் அவருடைய சகோதரிகளும் அதற்குப் பொருள் வழங்கினர். இருபது ஆண்டுகளில் அதனினும் கொடிய போர் மூண்டதே, படித்து என்ன பயன் என்று எள்ளுவோர் உண்டு. மருத்துவமனை இருக்கும் ஊரிலும் மௌத் நேரத்தான் செய்கிறது. அதற்காக மருத்துவமனையை யாரும் இடித்துவிடுவதில்லை. ஆகவே அந்த எள்ளலை விட்டுவிடுவோம். அன்பரின் இரண்டாம் கேள்வியே கடினமானது.

அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாளிலேயே நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் உண்டு. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்பது அவர் பெயர். 1881-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குவேக்கர்கள் போரில் ஆயுதம் ஏந்துவதைச் சமய நம்பிக்கையின்படியே மறுக்கும் கிறித்துவப் பிரிவினர். ரிச்சர்ட்சனும் துப்பாக்கி ஏந்த மறுத்தார். ஆனால் வீட்டில் அடங்கி இருக்கவில்லை. 1916 முதல் பிரான்சுப் போர்முனையில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். அந்த ஓய்வொழிச்சலற்ற பணிக்கிடையே, நாளைய வானிலையைக் கணக்கினால் முன்னறிய முடியுமா என்று தாளும் பென்சிலுமாக முயன்றுகொண்டிருந்தார். இன்று கணிப்பொறிகள் செய்துவரும் வானிலைக் கணிப்பின் அடிப்படை அவர் 1922-இல் வெளியிட்ட நூலில்தான் இருக்கிறது.

போர் முடிந்து நாடு திரும்பியவர் வானிலை அலுவலகத்தில் சேர்ந்தார். 1920-இல் அவ்வலுவலகம் வான்படை அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதும் பதவியை விட்டு விலகினார். அத்தோடும் முடியவில்லை. மேல்வானில் காற்று எவ்வாறு அசைகிறது, எவ்வாறு பரவுகிறது என்று அவர் ஆராய்ந்தவற்றில் மிகுந்த ஆர்வம் காட்டியவர்கள் நச்சுப் புகையைப் போருக்குப் பயன்படுத்த எண்ணியவர்கள் என்பது அவருக்குத் தெரிய வந்தது. அந்த ஆராய்ச்சியையே நிறுத்தினார். அச்சேறாதிருந்த தாள்களை அழித்துவிட்டார் என்று அவருடைய துணைவியார் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார்.

ஓர் அறிஞன் தன் கையாலேயே தன் கல்வியை அழிப்பது என்ன நிலை! நம் மார்க்கத்தின் ஒளியில் இதை எண்ணிப் பார்க்கும்போது இரண்டு கட்டளைகள் நம்மை இரு பக்கமும் இழுக்கின்றன. தெரிந்த கல்வியைக் கேட்டவரிடமிருந்து மறைப்பவனைக் கடுமையாக எச்சரிக்கின்றன நபிமொழிகள். அதே பெருமானார் (ஸல்) அவர்கள், பயன் தராத கல்வியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியும் இருக்கிறார்கள். மறைப்பதும் குற்றம்; தீங்குக்குக் கொடுப்பதும் குற்றம். அப்படியானால் நடுவில் நிற்கும் கல்விமான் என்ன செய்வான்?

ரிச்சர்ட்சன் காற்றை விட்டுவிட்டு மனிதர்களின் பகையை ஆராயப் புகுந்தார். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், இந்த ஆய்வுக்காகவே 1940-இல் காலத்திற்கு முன் ஓய்வு பெற்றார். 1820-க்குப் பிந்தைய போர்களையெல்லாம் பட்டியலிட்டு, தனி மனிதக் கொலை முதல் உலகப் போர் வரை அனைத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினார். கொலையை நீதிமன்றமும் போரைப் பாடநூலும் வெவ்வேறு பெயரால் அழைக்கின்றன. அவர் இரண்டுக்கும் உயிர்க்கொலைச் சச்சரவு என்று ஒரே பெயர் சூட்டினார். ஓருயிரைக் காரணமின்றிப் பறிப்பதை மனித குலத்துக்கே இழைத்த அழிவாகக் காணும் திருமறையைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மடக்கைக் கணக்கில் அமைந்த அவர் அளவுகோலில் ஒருவர் கொல்லப்பட்டால் அதன் அளவு சுழியம். பத்துப் பேர் என்றால் ஒன்று. உலகப் போர்கள் ஏழு. ஓர் உயிர் சுழியமாகப் பதிவாகிறது! ஆயினும் பதிவாகிறது.

ஒரே மொழி பேசுவோர் தமக்குள் போரிடுவது அரிது என்னும் நம்பிக்கைக்கு அவருடைய கணக்கில் ஆதரவு கிட்டவில்லை என்பதையும் சொல்லி வைப்போம். பின்னால் அது நமக்குத் தேவைப்படும். 1953-இல் அவர் காலமானார். பகை பற்றிய நூல்கள் 1960-இல்தான் முறையாக வெளிவந்தன. லங்காஸ்டர் பல்கலைக் கழகத்தில் அமைதி ஆய்வு நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ரிச்சர்ட்சன் தாள்களை அழித்தவர் என்றால், 1964-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு திட்டம் அதற்கு நேர் எதிரான கதை. கேமலாட் திட்டம் என்று பெயர். வளரும் நாடுகளில் உள்நாட்டுப் போர் மூள்வது எதனால், அதை முன்னறிந்து தடுப்பது எப்படி என்று ஆராய்வதே நோக்கம். பொருள் கொடுத்தது அமெரிக்கத் தரைப்படை. நடத்தியது வாஷிங்டனின் ஒரு பல்கலைக் கழகத்தோடு இணைந்த ஆய்வு அலுவலகம். சேர இசைந்த அறிஞர்களில் பலர் தீயவர்கள் அல்லர். இராணுவத்திற்கு அறிவு புகட்டினால் இரத்தம் சிந்துவது குறையும் என்று மெய்யாகவே நம்பினார்கள். அப்போது சிலி நாட்டில் பணியாற்றிய நார்வே அறிஞர் யோஹான் கால்டுங்கும் அழைக்கப்பட்டார். 1959-இல் ஓஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அவர் மறுத்ததோடு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தம் சக ஆசிரியர்களுக்கும் தெரிவித்தார். சிலியில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 1965 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது.

கேமலாட்டின் கேள்விகளில் தவறு இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. உள்நாட்டுப் போர் ஏன் மூள்கிறது என்று கேட்பது நல்ல கேள்வியே. யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. பிழை அங்கேதான் இருந்தது. அமானிதத்தை அதற்கு உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை ஆணையிடுகிறது. ஒரு சமுதாயத்தின் துயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்பவன் கையில் இருப்பது ஓர் அமானிதம். அதன் உரிமையாளர் பணம் கொடுத்த படையன்று. பட்டம் வழங்கும் பல்கலைக் கழகமும் அன்று. துயரப்பட்டவரே உரிமையாளர். எழுதியதை அவர் முன் விரித்து வைக்க முடியுமா, அவர் அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்பதே நமக்குத் தெரிந்த உரைகல்.

இந்த உரைகல்லில் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக் கழகத்தைத் தேய்த்துப் பார்க்கலாம். அமைதி, பூசல் ஆய்வுத் துறை அங்கே 1971-இல் தொடங்கியது. உலகின் ஆயுதப் பூசல்களைப் பதிந்து வைக்கும் அவர்களுடைய ஏடு எவரும் காசின்றிப் பார்க்கத்தக்கது. ஓர் ஆண்டில் மோதலில் 25 பேராவது மாண்டால்தான் அது ஆயுதப் பூசல் என்று பதிவு பெறும். ஏதேனும் ஓர் எல்லை இல்லாவிடில் ஆண்டுக்கு ஆண்டு, நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியாது, அது நியாயமே. ஆயுதமற்ற பொதுமக்களைத் திட்டமிட்டுக் கொல்வதற்கு அவர்கள் தனிப் பத்தியே வைத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்டு 3-ஆம் நாள் கிழக்கிலங்கையின் காத்தான்குடியில், இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய மரணங்களைப் போர்க்களச் சாவோடு கலந்துவிடாமல் வேறுபடுத்துவது ஒரு நீதி. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

அதே ஆண்டு, மூன்று மாதம் நிறைவதற்குள், அக்டோபர் 30-ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆண்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். சில நூறு ரூபாய்க்கு மேல் பணமும் காதில் கிடந்த நகையும் வழியில் பறிக்கப்பட்டன. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த நாட்களில் விரட்டப்பட்டவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். விரட்டியவர் மொழியும் தமிழ். விரட்டப்பட்டவர் மொழியும் தமிழ். ரிச்சர்ட்சனின் கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வெளியேற்றத்தில் உடனே உயிரிழந்தோர் மிகச் சிலரே. மரணத்தை எண்ணும் ஏட்டில், ஒரு மாகாணமே தன் முஸ்லிம்களை இழந்த இந்த நாட்களுக்குப் பத்தி கிடையாது. நேர்மையாகவும் திறந்த மனத்தோடும் எழுதப்பட்ட ஏடுதான். ஆனாலும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் படுத்திருந்த ஒரு தாய் அதைப் புரட்டினால் தன்னைக் காண மாட்டாள்.

அவளை எழுதியவர்கள் அருகிலேயே இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக் கழகத்தின் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவர்; அவருடைய உறவினரும் விரட்டப்பட்டோரில் அடக்கம். அவர் மரணத்தை எண்ணவில்லை. வீடு, காணி, கடை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று இழந்தவற்றைத் தொகுத்தார். 2001-இல் அது நூலாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலும் மனித உரிமைக்கான ஆசிரியர்கள் 1988 முதல் எல்லாத் தரப்பாரின் கொடுமைகளையும் பதிந்து வந்தார்கள். அவர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர், 1989 செப்டம்பர் 21-ஆம் நாள் பணி முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை, முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் தம் அறிக்கைகளில் எழுதினார்கள். சண்டை போடுகிறவர்கள் வாங்கிப் படிக்க விரும்பாத எழுத்தும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2009-இல் போர் ஓய்ந்தது. மன்னாரின் தென்பகுதிக்குத் திரும்பியவர்கள், இருபது ஆண்டுகளாக ஆளற்றுக் காடு மண்டிய தம் பழைய ஊர்களைத் துப்புரவு செய்யத் தொடங்கினார்கள். வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று கொழும்பில் கூக்குரல் எழுந்தது. காட்டைப் பார்த்தவர்களுக்குக் காடுதான் தெரிந்தது. அங்கே ஊர் இருந்தது, இன்னின்ன குடிகள் இருந்தன, இன்ன பள்ளிவாசல் இருந்தது என்று சொல்வதற்கு யாரோ ஒருவர் முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும் அல்லவா? 2015-இல் ஹஸ்புல்லாஹ் திரும்பிச் செல்லும் உரிமை மறுக்கப்படுவது பற்றி எழுதினார். 2018-இல் அவர் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

"சண்டையைப் படித்தால் என்ன நிற்கும்?" என்ற அன்பருக்கு, சென்ற வாரம் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, மகளின் விண்ணப்பத்தில் அவள் எந்தப் பூசலை ஆராய விரும்புகிறாள் என்று குறிப்பிட ஓர் இடம் இருப்பதாகவும், அதை அவள் இன்னும் நிரப்பவில்லை என்றும் தெரிவித்தார். ஜும்ஆவிற்குப் பிறகு அவளை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹஸ்புல்லாஹ்வின் நூலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் அவள் எதை எழுதினாலும் நமக்கு மறுப்பில்லை. எழுதி முடித்த பின் அதை எந்த ஊரில், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள் என்று மட்டும் கேட்க எண்ணியிருக்கிறோம்.