மணம் அடங்கும் வரை

1

புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்த வண்டிக்கு ஒரு மணம் உண்டு. தின்னரின் காரம் முதலில் மூக்கில் ஏறும். அதற்கடியில் லேசான ஒரு தித்திப்பு. வெயில் பட்ட பானெட் மேல் குனிந்தால் தெரியும். கண்ணைக் கேட்டால் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும், மூக்கு ஒப்புக்கொள்ளாது. இந்த விஷயத்தில் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் எங்கள் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர் தக்கலைக்காரர். மெழுகு எப்போது போடலாம் என்று கேட்டால் அவர் தேதி சொல்வதில்லை. "மணம் போவட்டும் சார். பொறவு போடலாம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பட்டி பார்த்த கதவை வாட்டர் பேப்பரால் தேய்க்கத் திரும்பிவிடுவார்.

2

தொழிற்சாலையிலிருந்து நேராக வரும் காருக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அங்கே வெறும் கூடாக இருக்கும்போதே, வயரும் சீட்டும் பொருத்துவதற்கு முன்பே, சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் பெயிண்டைச் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். ஷோரூமை விட்டு வெளியே வரும் முன் அது முழுக்க இறுகியிருக்கும். அன்றைக்கே மெழுகு போடலாம்.

ஓடிய வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது வேறு கதை. விளக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதனோடு இருக்கின்றன. அவ்வளவு சூடு தாங்காது. அதனால் பெயிண்டில் ஹார்ட்னர் கலக்கிறார்கள். சூடேற்றும் பூத் உள்ள வொர்க்‌ஷாப்பில் 60 டிகிரி அளவில் அரை மணி நேரம் வைப்பார்கள். பூத் இல்லாத இடத்தில் நம் ஊர் வெயில்தான் அடுப்பு. இரண்டிலும் தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும். உள்ளே இறுகுவது அப்புறமும் நடந்துகொண்டே இருக்கும். பிசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் தின்னர் அடியிலிருந்து மெல்ல மேலே வந்து காற்றில் கலக்கிறது. நாம் முகர்வது அதைத்தான்.

கதவு விளிம்பின் உட்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில், நகத்தை லேசாக அழுத்திப் பார்த்தால் முதல் நாட்களில் பிறை போல ஒரு தடம் விழும். வாரங்கள் போனபின் அதே அழுத்தத்துக்கு ஒன்றும் விழாது.

3

மெழுகுக்கு முன், பூத்தில் சூடு காட்டிய வண்டிக்கு ஒரு மாதம். வெறும் காற்றில் உலர்ந்ததற்கு இரண்டு மாதம். கனமாகப் பல கோட்டு அடித்திருந்தால் மூன்று மாதம் வரை. வேலை தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது. இப்போது வரும் சில கிளியர் கோட்டுகள் இதைவிடச் சீக்கிரம் இறுகும். ஒவ்வொரு பெயிண்டுக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் ஒரு தகவல் தாள் வைத்திருக்கிறது. அதில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. அடித்தவரிடம் எந்தப் பெயிண்ட் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

முந்திப் போட்டால் என்ன ஆகும்? பளபளப்பு மங்கலாம். மேலே பனி படர்ந்தாற்போல் ஒரு வெண்மை தட்டலாம். நெடுநாள் மெத்தென்று இருக்கலாம், சிறு கொப்புளங்கள் எழும்பலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். மெழுகுப் படலம் மிக மெல்லியது. ஆனால் மோசமாகக் கெட்டுப்போனால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். காத்திருந்தால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு எளிது.

4

கார் மெழுகில் பேர்பெற்றது கர்னௌபா. பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து வருவது. கோடையின் வெக்கையில் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடாதிருக்க அந்த இலை தன்மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. உள்ளிருப்பதைப் போகவிடாமல் பிடித்துவைப்பதுதான் மெழுகின் சுபாவம்.

இதை அறிந்தபின் எனக்கு எல்லாம் விளங்கிற்று. மெழுகு கெடுதல் செய்வதில்லை, தன் வேலையைச் செய்கிறது. போக வேண்டியது இன்னும் உள்ளே இருக்கும்போது அதை வேலைக்கு அழைத்தது நாம். பாதுகாப்புக்கும் ஒரு பருவம் இருக்கிறது.

5

மெழுகு போட இந்த ஊரில் அவசரப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சங்குமுகத்திலிருந்து உப்புக் காற்று வருகிறது. ஜூன் முதல் தேதியை ஒட்டி இடவப்பாதி மழை இறங்குகிறது. ஐப்பசி வந்தால் துலாவர்ஷ மழை. இடையில் விழும் வெயில் சுள்ளென்று இருக்கும். பெயிண்டின் மேல் வெயில் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சியும் இந்த ஊரிலேயே இருக்கிறது.

கொச்சுவேளியில் 1946-ல் நிறுவப்பட்டது திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை. இந்தக் கரையின் கறுத்த மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து வெண்மையிலும் வெண்மையான டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். வெள்ளைப் பெயிண்டின் வெண்மை அதுதான். அதில் இரண்டு வகை. கொச்சுவேளியில் பேர்பெற்ற அனடேஸ் வகையைச் சுவருக்கு வெளியே பூசினால், வெயிலில் தன்னைச் சுற்றியுள்ள பிசினை அரித்து, கையில் ஒட்டும் சுண்ணப் பொடியாக்கிவிடும். அதனால் வெயிலில் நிற்கும் பொருளுக்கு ரூட்டைல் வகை. அதைக் கொல்லம் சவறாவில் தயாரிக்கிறார்கள். கார் பெயிண்டுக்கு ரூட்டைலே ஏற்றது.

அடித்த பின்னும் பெயிண்ட் சும்மா இருப்பதில்லை. வெயிலோடும் காற்றோடும் அதற்கு நாள்தோறும் வழக்கு. மெழுகு அதில் துணைக்கு நிற்கும். ஆகவே மெழுகு வேண்டும், அதன் நேரத்தில்.

6

அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு முன் நிற்கும்போதும் பூச்சுக்கும் ஒரு நேரம் உண்டு என்ற இந்த எண்ணம் எனக்கு வருவதுண்டு. 1862-ல், பதினான்கு வயதில், கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தவர் அவர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு அவருக்குச் சொல்லித்தரவில்லை. நாயுடுவின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து கற்றுக்கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனையில் வரைந்தபோது பக்கத்தில் நின்று பார்க்கும் அனுமதி மட்டும் கிடைத்தது. பார்த்தே பிடித்துக்கொண்டார்.

எண்ணெய் ஓவியத்துக்கும் கடைசியில் வார்னிஷ் உண்டு. முறைப்படி ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். வண்ணம் கனமாக இருந்தால் ஒரு வருடமும் ஆகும். அங்கே நடப்பது வேறு விதம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. கார் பெயிண்ட் உள்ளிருப்பதை விட்டுவிட்டு இறுகும். எண்ணெய் வண்ணம் வெளியிலிருப்பதை வாங்கிக்கொண்டு இறுகும். விடுவதானாலும் வாங்குவதானாலும் வழி திறந்திருக்க வேண்டும்.

7

காத்திருக்கும் நாட்களிலும் வேலை இருக்கிறது. சொல்லப்போனால் மெழுகு போட்ட வண்டியைவிட இப்போதுதான் கவனம் கூடுதல் வேண்டும்.

காற்றோட்டமான நிழலில் நிறுத்த வேண்டும். கவர் போட்டு மூடக் கூடாது. மரத்தடி வேண்டாம், காக்கை எச்சம் விழுந்தால் நாளைக்கு ஆகட்டும் என்று விடாமல், தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அழுத்தாமல் துணியால் எடுத்துவிட வேண்டும். எச்சம் புதுப் பெயிண்டை அரித்துத் தடம் போட்டுவிடும். கடலோரம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீர். முதல் சில நாள் தண்ணீர் மட்டும். பிறகு மெழுகு கலவாத மென்மையான ஷாம்பு. தூசியை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, பிரஷ் சுழலும் வாஷிங் நிலையத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. தொட்டால் ஒட்டாத அளவு உலர்ந்தபின் மழையில் நனைவதில் தவறில்லை.

பளபளப்பு போதவில்லை என்று மனம் கேட்காவிட்டால், புதுப் பெயிண்டுக்கென்றே மெழுகும் சிலிக்கானும் சேர்க்காத பாலிஷ் கிடைக்கிறது. அது மூச்சை அடைக்காது.

8

நமக்குப் பிரியமானதை உடனே மூடிக் காப்பாற்றிவிடத்தான் கை போகிறது. அந்தக் கையில் தவறில்லை. ஆனால் காக்கப்படும் பொருள் முதலில் தன் இறுக்கத்தைத் தானே அடைய வேண்டும்; அதை நம்மால் பூச முடியாது. அதற்கு வேண்டிய நிழலையும் காற்றையும் நாட்களையும் கொடுப்பதே அந்தக் கட்டத்தில் நாம் செய்யக்கூடிய காப்பு.

உங்கள் வண்டியும் இப்போது வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்து நிற்கிறதென்றால், மெழுகு டப்பாவை அலமாரியிலேயே இருக்க விடுங்கள். பெயிண்ட் தகவல் தாள் சொல்லும் நாள் கடந்த பிறகு, நல்ல வெயில் ஏறிய ஒரு மதியத்தில் பானெட் மேல் குனிந்து முகர்ந்து பாருங்கள். மணம் வந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். வரவில்லையென்றால் வண்டியைக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, மெல்லிய ஒரு பூச்சு மெழுகு போடுங்கள்.