சட்டப்படி சரிதானே?



"சட்டப்படி சரிதானே, சாமி?" இந்தக் கேள்வியை நான் கேளாத மாதம் அபூர்வம். கேட்பவர் பெரும்பாலும் கையில் ஒரு பத்திரத்தோடு வருவார். சட்டம் தெரிந்துகொள்ளவா என்னிடம் வருகிறார்? அதற்கு வக்கீல் இருக்கிறார். அவரிடம் முன்னமே கேட்டாயிற்று. அவரும் சரி என்று சொல்லியாயிற்று. ஆனாலும் இராத்திரியில் உறக்கம் வரவில்லை. சுவாமியாரும் ஒரு தடவை தலையசைத்துவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று எண்ணி வருகிறார்.

நானும் ஒரு தடவை அப்படித் தலையசைத்திருக்கிறேன். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்த காலம். உயில் எழுதாமல் இறந்த ஒரு தகப்பனுக்கு இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும். தகப்பன் சொத்தில் தனக்குப் பாத்தியம் இல்லை என்று அந்தப் பெண் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராயிருந்தது. அவளோ தயங்கினாள். அண்ணன்மார் என்னை அழைத்துப் போனார்கள். "அம்மா, உனக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தார்களே. கூடப்பிறந்தவர்களோடு வழக்கு வேண்டாம். குடும்பத்தில் சமாதானம் பெரிது" என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கையெழுத்துப் போட்டால் திருநாளுக்குத் தாய்வீட்டுக்கு வரலாமா, சாமி?" வரலாம் என்று அண்ணன்மாருக்காக நானே வாக்குக் கொடுத்தேன். மறுநாள் பத்திர ஆபீசில் போய்க் கையெழுத்திட்டாள். எல்லாம் சட்டப்படி நடந்தது. அவர்கள் வீட்டில் காப்பியும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டபாடில்லை. ஆகவே இந்த வாரம், சட்டம் என்பது என்ன, நீதி என்பது என்ன, ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக நிற்குமா என்பதைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

முதலில் நம் மண்ணின் கதை. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் நாம் திருவிதாங்கூர்ப் பிரஜைகள். அங்கே 1916-இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் செய்தார்கள். உயில் இல்லாமல் இறந்தவனுடைய மகளுக்கு, மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது ரூ. 5,000, இவற்றில் எது குறைவோ அது மட்டுமே கிடைக்கும். ஸ்திரீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. விதவையின் பாத்தியமோ அவள் உயிரோடிருக்கும் மட்டும், அல்லது மறுமணம் செய்யும் மட்டும்தான். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில இலத்தீன் ரீதிக் கத்தோலிக்கருக்கும் சில புரோட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவருக்கும் அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. சமபங்கு நடவாத காரியம் என்று அந்நாளில் எவரும் சொல்லியிருக்க முடியாது. பக்கத்துத் தாலுகாக்களில் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது யோசியுங்கள். அது சட்டமா, இல்லையா? அறிஞர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லுகிறார்கள்.

ஒரு சாரார் நம் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸைப் பின்பற்றுகிறவர்கள். சட்டமாவது பொதுநன்மைக்காக, சமுதாயத்தைப் பேணும் பொறுப்புள்ளவர், அறிவுக்கு இசையச் செய்து அறிவிக்கும் ஒழுங்கு என்பது அவருடைய விளக்கம். பொதுநன்மையை விட்டு விலகியோ, பாரத்தைச் சமமில்லாமல் சுமத்தியோ ஒரு கட்டளை பிறக்குமானால் அதைச் சட்டம் என்பதைவிடப் பலவந்தம் என்பதே தகும் என்று அவர் எழுதினார். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அர்ச். அகுஸ்தீனும் இதே கருத்தைத் தொட்டுச் சென்றிருக்கிறார்.

மற்றொரு சாரார் இதை ஒப்புவதில்லை. 1832-இல் ஆங்கிலேயரான ஜான் ஆஸ்டின் தமது நூலில், ஒரு சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா என்பது வேறு கேள்வி, இரண்டையும் குழப்பக் கூடாது என்று வாதித்தார். ஆளும் அதிகாரம் முறைப்படி பிறப்பித்தது சட்டமே. அது கொடியதாயிருந்தால், கொடிய சட்டம் என்று சொல்லுங்கள், சட்டமே அன்று என்று சொல்லாதீர்கள் என்பது இவர்கள் கட்சி.

இது வெறும் வார்த்தைச் சண்டை என்று தோன்றும். ஆனால் ஜெர்மனி தேசத்தில் அது மனித உயிரைத் தொட்டது. 1944-இல் அங்கே ஒரு போர்வீரன் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, ஹிட்லரை இகழ்ந்து மனைவியிடம் ஏதோ பேசினான். அவனை எப்படியாவது ஒழித்துவிட நினைத்திருந்த மனைவி, அந்தப் பேச்சை அதிகாரிகளிடம் போய்ச் சொன்னாள். அப்படிப் பேசுவது அன்றைய சட்டப்படி குற்றம். அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அதை நிறைவேற்றாமல் அவனைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்தது, ஹிட்லர் ஆட்சியும் ஒழிந்தது. கணவனுடைய சுதந்திரத்தை அநியாயமாகப் பறித்தாள் என்று மனைவியின் மேல் வழக்கு வந்தது. அவள் சொன்ன பதில் என்ன? "நான் செய்தது அன்றைய சட்டப்படி சரிதானே!"

1949-இல் பாம்பெர்க் நகரத்து மேல்நீதிமன்றம் அவளைக் குற்றவாளி என்றது. இதைப்பற்றி 1958-இல் இரண்டு பேராசிரியர்கள் வாதம் செய்தார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹார்ட் சொன்னார்: அந்தச் சட்டம் கேடு கெட்டதுதான், ஆனால் சட்டமே. அவளைத் தண்டிக்க வேண்டுமானால், பின்னால் ஒரு சட்டம் செய்து முன்செய்த குற்றத்தைத் தண்டிக்கிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஹார்வர்டைச் சேர்ந்த புல்லர் மறுத்தார்: இரகசியமாகச் சட்டம் செய்து, எழுதியதையும் மதியாமல் நினைத்தபடி தீர்ப்பிட்ட ஆட்சிக்குச் சட்டம் என்ற மரியாதைப் பெயர் எதற்கு? இவர்களுக்கு முன்பே 1946-இல், ஜெர்மன் சட்ட அறிஞர் ராட்புருக், அநீதி தாங்கமுடியாத அளவுக்கு மிஞ்சும்போது சட்டம் நீதிக்கு வழிவிட்டே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தார். நாஜி ஆட்சியில் தம் பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர்.

பின்னால் அந்தத் தீர்ப்பை ஊன்றிப் படித்தவர்கள் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். நீதிமன்றம் அன்றைய சட்டத்தைச் செல்லாது என்று தள்ளவில்லையாம். புகார் கொடுக்கும்படி எந்தச் சட்டமும் அவளை வற்புறுத்தவில்லை. தன் கெட்ட நோக்கத்துக்கு அவள் நீதிமன்றத்தையே ஓர் ஆயுதமாக எடுத்துக்கொண்டாள். அதுவே அவள் குற்றம். சட்டம் கத்தியைப் போல அங்கே கிடந்தது. எடுத்துக் குத்தியது அவள் கை.

பிரியமானவர்களே, இந்த இரு கட்சியாரும் ஒன்றில் ஒத்துப்போவதைக் கவனித்தீர்களா? தோமாஸ் கட்சியார், அநீதியானது முழுச்சட்டம் ஆகாது, அதன் பின்னால் ஒளியாதே என்கிறார்கள். ஆஸ்டின் கட்சியாரோ, சட்டம் என்பதனாலேயே அது நல்லதென்று ஆகிவிடாது, ஆகவே அதன் பின்னால் ஒளிய இடமில்லை என்கிறார்கள். "சட்டம் இடங்கொடுக்கிறது, ஆகையால் நான் நீதிமான்" என்று இவர்களில் எவரும் சொல்லவில்லை. அதை நாம்தான் சொல்லிக்கொள்ளுகிறோம்.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் கிடந்தது. நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே 1974-இல் ஒரு தீர்ப்பு, அது ஒழிந்துவிட்டது என்றது. 1978-இல் மற்றொரு தீர்ப்பு, ஒழியவில்லை என்றது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த மேரி ராய் என்ற அம்மையார் இதை உச்சநீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பது அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்பது அவர் முறையீடு.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. அவருக்கு வெற்றிதான். ஆனால் எப்படி? பழைய சட்டம் அநீதியா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் நுழையவேயில்லை. 1951-இல் பாராளுமன்றம் செய்த ஒரு சட்டத்தால் அது அப்போதே ரத்தாகிவிட்டது. அன்றுமுதல் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுச் சட்டமே செல்லும் என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் சட்டப்படி, உயில் இல்லாத சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் சமம். ஆக, 35 வருஷமாகச் செத்துக் கிடந்த ஒரு சட்டத்தைக் காட்டி நம் பெண்மக்களின் பங்கைப் பிடித்து வைத்திருந்தோம்! அந்தத் தீர்ப்பை அன்று கேரளத்துத் திருச்சபையாரில் சிலர் எதிர்த்துப் பேசினார்கள். பழைய கிரயங்கள் குலைந்துபோகும் என்று பயந்தவர்கள் உண்டு. பழைய வழக்கத்தையே நியாயம் என்று நம்பியவர்களும் உண்டு. இதை மறைத்து என்ன பயன்?

சரி, சட்டம் திருந்திவிட்டது. நீதி வந்துவிட்டதா? சட்டம் மாறியபின் விடுதலைப் பத்திரங்கள் வந்தன. பெண்மக்கள் பெயரே இல்லாத உயில்களும் வந்தன. உயில் எழுதுகிறவன் தன் சொத்தை யாருக்கும் எழுதலாம்; பங்குள்ளவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். சட்டம் இதைத் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். மனிதர் செய்யும் சட்டம் எல்லாத் தீமையையும் தடுத்துவிட முடியாது, கொடியவற்றையே தடுக்கும் என்று அர்ச். தோமாஸே சொல்லியிருக்கிறார். சட்டம் விட்டுவைத்த இடம் காலி இடமன்று. அங்கே மனச்சாட்சி காவலிருக்க வேண்டும்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அநீதியான சட்டத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அர்ச். தோமாஸ் வேறொன்றும் சொல்லுகிறார்: துர்மாதிரிகையையும் கலகத்தையும் தவிர்ப்பதற்காக ஒருவன் தன் உரிமையையும் விட்டுக்கொடுக்கலாம் என்கிறார். குருமடத்தில் இதை நான் நன்றாகப் படித்திருந்தேன். அந்தப் பெண்ணின் வீட்டில் உட்கார்ந்தபோது என் மனத்தில் இருந்தது இந்தப் பாடந்தான். ஆனால் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். விட்டுக்கொடுக்கலாம் என்பது இழக்கிறவளுக்குச் சொன்ன ஆலோசனை. எடுத்துக்கொள்ளலாம் என்று எடுக்கிறவனுக்குக் கொடுத்த அனுமதியன்று. சமாதானத்துக்காக அவள் கையெழுத்திட வேண்டும் என்று புத்தி சொன்ன நான், அதே சமாதானத்துக்காக அண்ணன்மார் அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போடலாமே என்று ஏன் சொல்லவில்லை? அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் இல்லை. அவளைப் பார்த்துப் பேசுவது சுலபமாயிருந்தது. இதுதான் உண்மை.

அவள் கேட்ட கேள்வியை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தாய்வீட்டுக்கு வரலாமா என்றாள். கொடையாகக் கொடுக்கிறவள் அப்படிக் கேட்பாளா? பிறந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு அவள் விலை கொடுத்தாள். அந்த விலையை வாங்கிக் கொடுத்த தரகன் நான்.

கூட்டத்தில் ஒருவன் சேசுநாதரிடம் வந்து, தன் சகோதரன் சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி சொல்லக் கேட்ட வரலாறு அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் இருக்கிறது. அவர் பங்கிடும் நீதிபதியாயிருக்க இசையவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்தார். நானும் உங்கள் சொத்தைப் பங்கிட வரவில்லை. ஆனால் இனி விடுதலைப் பத்திரத்தோடு என்னிடம் வருகிறவர்களுக்கு மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். உன் சகோதரிக்குத் தன் பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு எவ்வளவு என்று தெரியுமா? மாட்டேன் என்று சொன்னால் அவளுக்கு உன் வீட்டில் இன்று இருக்கும் மரியாதை நாளையும் இருக்கும் என்று அவள் நம்புகிறாளா? உனக்கு அவள் எழுதிக்கொடுப்பதைப் போல, அவளுக்கு உன் பங்கை எழுதிக்கொடு என்று நான் கேட்டால் உனக்கு எப்படியிருக்கும்?

மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், அவள் தருவது கொடை. வாங்கிக்கொண்டு சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், பத்திர ஆபீசுக்குப் போகுமுன் அவள் வீட்டுக்குப் போங்கள். ஏற்கெனவே கையெழுத்து வாங்கியாயிற்றே என்பீர்களானால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை.

அந்தப் பெண் இப்போது எங்கிருக்கிறாள் என்று விசாரித்து அறிந்திருக்கிறேன். வருகிற வாரம் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அதன்பின் அவளுடைய அண்ணன்மார் வீட்டுக்கும் போவேன். இந்த முறை காப்பி குடிக்கிறதற்கு முன்பே பேசிவிடுவதாக உத்தேசம். எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு