வீழ்ந்த விமானமும் நடுகல்லும்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்க, பிரித்தானியரின் அரிக்கேன் போர்விமானங்கள் அவற்றை எதிர்த்தெழ, இருதரப்பிலும் விமானங்கள் வீழ்ந்தன. இத்தகைய சிதைவுகளைச் சேகரிப்போர் முன் நிற்கும் கேள்வி, ஒருவர் மடிந்த இடத்து உலோகம் வெறும் பொருளா, அல்லது இறந்தவரின் எச்சமா என்பதாகும். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், தன் மண்ணில் வீழ்ந்த படைவிமானங்களை உரிமமின்றி அகழ்வதைக் குற்றமாக்கியது. ஆயினும் உரிமம், எடுப்பவரின் மனநிலையை வரையறுப்பதில்லை.

சேலம் வட்டாரம் நன்கறிந்த நடுகல், அதாவது போரில் பட்ட வீரனுக்கு நாட்டப்படும் நினைவுக்கல், இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. கல்லைத் தேர்வதாகிய காட்சி முதல் வாழ்த்தல் வரை தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளைக் கடந்தே மலைக்கல் வழிபாட்டுக்குரியதாகிறது. விமானத் துண்டுக்கோ சடங்கு வேண்டியதில்லை, மரணமே அதைத் தொட்டுவிட்டது. எனவே எஞ்சின் எண்ணைப் பதிந்து, அதன்வழி விமானியை அடையாளங்கண்டு, உறவினருக்கு அறிவிப்பதே சேகரிப்பவரின் முதற்கடன், அலமாரியில் வைப்பது அதற்குப் பிந்தியதே.