பயந்து குனிந்தது போதும், இனி தெரிந்து குனி!

தம்பி, பயந்து குனிந்த முதுகுக்குத் தாழ்மை என்று பெயர் வைக்காதே.

நம் தாத்தா பாட்டிமார் குனிந்தார்கள். ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கங்காணிக்கு முன்னால் குனிந்தார்கள். கிராணிக்கு முன்னால் குனிந்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றார்கள். மனம் உவந்து காட்டிய மரியாதை என்று நினைக்கிறாயா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலியை உயர்த்து என்பதோடு சேர்த்துக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று இது: துரையையும் கிராணியையும் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளிகள் செத்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்கு அவ்வளவு விலை!

அந்தத் துரைமார் நிலைத்தார்களா? அடுத்த சனவரியிலேயே, மூவாரிலிருந்து பக்ரி, பாரிட் சூலோங் வழியாக நம் யோங் பெங்குக்கு வருகிற சாலையில் அவர்களுடைய கர்வம் சிதறியது. சிங்கப்பூரை எவனாலும் பிடிக்க முடியாது என்று மார்தட்டியவர்களின் படை, ஜப்பானியரிடம் அடிபட்டு யோங் பெங்கை நோக்கிப் பின்வாங்கியது. மார்தட்டிய பெரிய மனிதர்கள் அதற்கு விலை கொடுக்கவில்லை. பாரிட் சூலோங் பாலத்தருகே, நடக்க முடியாமல் விடப்பட்ட ஏறத்தாழ 150 ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர்கள் கொன்றுபோட்டார்கள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூரும் விழுந்தது. மேலே இருப்பவனின் மேட்டிமைக்குக் கீழே இருப்பவன்தான் இரத்தம் சிந்துகிறான். இது சபைக்கும் பொருந்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

துரை போனான், புது எசமான் வந்தான். காவல் நிற்கும் ஜப்பான் சிப்பாயைக் கடக்கும்போது குனிந்து வணங்க வேண்டும். மறந்தால் கன்னத்தில் அறை. தோட்டத்து ஆட்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். பல பேர் திரும்பவே இல்லை.

கங்காணி, துரை, ஜப்பான்காரன். இந்த மூன்று பேருக்கும் போட்ட கும்பிடில் ஒன்றுகூடத் தாழ்மை கிடையாது. வயிறும் உயிரும் போட வைத்த கும்பிடு அது. ஆனால் அதே ஆட்கள் விடியுமுன் பால் மரத்தடியில் குனிந்தார்களே, அது வேறு. பட்டையைச் சீவச் சீவ, வருஷம் போகப் போக வெட்டு கீழே இறங்கும். வெட்டோடு சேர்ந்து முதுகும் இறங்கும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. அந்த அளவு தெரிந்த கை அது. தன் தொழில் தனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் குனிந்தவளை யாரும் குனிய வைக்கவில்லை. கிறிஸ்து கேட்கிற குனிதல் இந்த வகை.

இப்போது பேரனைப் பார்ப்போம். தாமானில் வீடு வாங்கியாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை. அந்த வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றினால் ஏறத்தாழ மூன்று மடங்கு. சனிக்கிழமை நெடுஞ்சாலையை விட்டு யோங் பெங் டோல் தாண்டும்போதே முகம் மாறிவிடுகிறது. சபையில் முன் வரிசை நாற்காலி கிடைக்காவிட்டால் கோபம். கட்டட நிதிப் பலகையில் பெயர் மூன்றாவதாக இருந்தால் மனஸ்தாபம். நன்றியுரையில் டத்தோ பெயரைச் சொல்லிவிட்டுத் தன் பெயரை விட்டுவிட்டால் அடுத்த மாதம் வேறு சபை. தாத்தாவைக் குனிய வைத்த அதே பயம்தான் பேரனின் நெஞ்சை நிமிர்த்துகிறது: என்னை யாரும் ஆளாக மதிக்க மாட்டார்களோ என்ற பயம். மேட்டிமையைத் தைரியம் என்று எண்ணி ஏமாறாதே. உள்ளே நடுங்குகிறவன்தான் வெளியே அத்தனை சத்தம் போடுகிறான்.

இன்னொரு ரகமும் உண்டு. மைக்கைப் பிடித்து, நான் ஒன்றுக்கும் உதவாதவன், மண்ணும் தூசியுமானவன் என்று பத்து நிமிஷம் உருகுகிறவர்கள். கீழே இறங்கி வந்ததும், ஆமாம் பிரதர், நீங்கள் சொன்னது ரொம்பச் சரி என்று சொல்லிப் பார். அதோடு உறவு முறிந்துவிடும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தை நிதானமாகத் திரும்ப வாசி. கால் கழுவின கதை நமக்கு மனப்பாடம், ஆனால் துண்டை எடுத்துக் கட்டுவதற்குச் சற்று முன்னால் யோவான் எழுதியதைக் கண் தாண்டிப் போய்விடுகிறது. எல்லாம் தம் கையில் இருக்கிறது என்பது இயேசுவுக்குத் தெரியும், தாம் யாரிடமிருந்து வந்தோம், யாரிடம் போகிறோம் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுந்தார். தெரிந்துதான் குனிந்தார். அதே இராத்திரி, அதே பந்தியில், தங்களுக்குள் யார் பெரியவன் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்ததை லூக்கா மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தாங்கள் யாரென்று தெரியாதவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். தெரிந்தவர் தரையில் உட்கார்ந்து யூதாசின் காலையும் சேர்த்துக் கழுவினார். அடிமை வேலையைச் செய்தார், ஆனால் ஒரு கணமும் அடிமையாக இல்லை.

இந்தப் பாடத்தை நம் ஆட்கள் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டால் வெட்கம்தான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்டன் 1745இல் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பதவி போயிற்று. எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினார்கள். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அரண்மனை மனுஷன் எருமை மேல் உட்கார்ந்தபோதும் தன் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை மறக்கவில்லை. அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஆனால் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார இரண்டு கிளை, நடுவே சுவர். கால்சட்டை போல இரண்டு கால் விரித்து நிற்கும் கோயில் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசினார்கள். 1910இல் பங்குக் குருவானவர் அந்தச் சுவரை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனவர்கள் ஜெபம் பண்ணத் தெரிந்த கிறிஸ்தவர்கள்தான்! 2022 மே 15 அன்று ரோமாபுரியில் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யைத் திருச்சபை விட்டுவிட்டது. நாம் விட்டோமா? கப்பலேறி வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும், சபையில் ஒரு கல்யாணப் பேச்சு எடுத்தால், நீங்க என்ன ஆளுங்க என்று அடிக்குரலில் கேட்கிற வாய் இன்னும் இருக்கிறது. தங்கச்சி, உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், கிறிஸ்துவின் ஆள் என்று சொல்லிவிட்டுக் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடு.

சரி, சரியாகப் படித்த ஒரு தமிழனையும் சொல்கிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பேர் கூடிய மண்டபத்தில் ஆசிய முகங்கள் மிகச் சில. முப்பத்தைந்து வயது அசரியா எழுந்தார். நீங்கள் எங்களுக்குக் கொடுத்ததற்கெல்லாம் நன்றி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாரும் அவரைத் தாழ்மையுள்ள இந்தியர் என்று மெச்சியிருப்பார்கள். அவரோ, மிஷனரிகளின் தியாகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களோடு ஒரே மேசையில் உட்கார உங்களுக்கு மனம் வரவில்லையே, எங்களுக்கு உங்கள் நட்பு வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். மண்டபம் திகைத்தது. சிலருக்குக் கோபம் வந்தது. கேட்டவர் குரலில் பகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

அதே மனிதர் தோர்ணக்கல்லில் கூடாரம் போட்டுத் தங்கி, முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு படித்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற பிறகும், மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாக மாலா, மாதிகா மக்களிடம் போனார். ஊர் தீண்டாது என்று ஒதுக்கிய அந்த மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அவரவர் கையை அவரவர் தலைமேல் வைக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், நற்செய்தியைச் சொல்லாமல் இருக்கமாட்டேன் என்ற பொருளில் உறுதிமொழி எடுக்க வைப்பார். தலையில் கை வைத்தால் நம் ஊரில் ஒப்பாரி. அந்தச் சேரிகளில் அது உத்தியோக நியமனம் ஆயிற்று. மேலே இருந்தவர்களைப் பார்த்து அசரியா நடுங்கவில்லை, கீழே இருந்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவும் இல்லை. இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை.

இப்போது சபை விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டித் தேர்தலில் இரண்டு பெரிய மனிதர்களுக்குள் முறுக்கு. ஒருவர் பாதிச் சபையைக் கூட்டிக்கொண்டு கடைவீட்டின் மாடியில் புதுச் சபை தொடங்குகிறார். இருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லாமல் போகிறது, தோட்டத்திலிருந்து கிழவிகளை ஏற்றிவந்த வேன் நின்றுபோகிறது. பாரிட் சூலோங் கணக்குதான். அந்த நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்காருவதைத் தாழ்மை என்று யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்தால் நம்பாதே. எழுந்து நில். அண்ணே, நீங்க இரண்டு பேரும் செய்றது தப்பு என்று மரியாதையோடு, சத்தம் போடாமல், கண்ணைப் பார்த்துச் சொல். காணிக்கைக் கணக்கில் சந்தேகம் இருந்தால் கேள். அடுத்த தேர்தலில் உன் பெயரை வெட்டுவார்கள். வெட்டட்டும்! உன் பெயர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று நினைத்தால்தானே பயம்.

நீ சிங்கப்பூரில் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பது கர்த்தருக்குப் பெரிய சேதி இல்லை. உன் பாட்டி பால் வெட்டினாள் என்பதைச் சொல்லக் கூச்சப்படாதே, சொல்லிக் காட்டிப் பெருமையும் தேடாதே. சபைக்கு வருகிற வங்காளதேசத் தொழிலாளியையோ நேப்பாளிக் காவல்காரரையோ நம் தாத்தாவைத் துரை பார்த்த கண்ணால் பார்க்காதே.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் பசியாறின பிறகு, பின்கட்டில் தட்டு கழுவுகிற இடத்துக்குப் போ. இத்தனை வருஷமாக அங்கே அக்காமார் மட்டும்தான் நிற்கிறார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நகருங்க அக்கா, இனி நான் பார்த்துக்கிறேன் என்று சொல். கடைசித் தட்டு வரைக்கும் நில். படம் எடுத்துப் போடாதே.