கால் நிலைக்காத தரை

நெதர்லாந்தின் ஸேலன்ட் கடற்கரையில், நேல்ட்யே யான்ஸ் என்ற செயற்கைத் தீவில், 1997-இல் ஒரு நன்னீர்க் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. சமதளம் என்று சொல்லிக்கொள்ள உள்ளே இடமிருக்கவில்லை. தரை சரிந்து சுவராகியது, சுவர் வளைந்து கூரையாகியது. எது எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. தரைமேல் ஒளியால் வரைந்த கட்டங்கள். நடப்பவரின் அசைவை உணர்கருவிகள் பிடித்ததும் அந்தக் கட்டங்களில் அலை எழும்பி ஓடியது, ஒலியும் மாறியது.

வடிவமைத்தவர் நாக்ஸ் நிறுவனத்தின் லார்ஸ் ஸ்பாய்ப்ரூக். பதினான்கு நீள்வட்டங்களை 60 மீட்டருக்கும் மேலான நீளத்துக்கு வரிசையாக நிறுத்தி, கணினியில் அவற்றை இழுத்தும் நெளித்தும் இந்த உருவத்தைப் பெற்றார். பக்கத்திலேயே காஸ் ஓஸ்டர்ஹாய்ஸ் வடிவமைத்த உப்புநீர்க் கூடம்.

ஓடுகிற ஒன்றின் மேல் மனிதர் நிற்க முடியுமா? இந்தக் கூடம் எழுப்பும் கேள்வி இது.

கேள்வி பழையது. தோன்றியவை எல்லாம் மாறும் என்றார் புத்தர். ஓடும் ஆற்றை வைத்து யோசித்தார் கிரேக்கத்து ஹெராக்ளிடஸ். வள்ளுவர் ‘நிலையாமை’ அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். உலகை விடத் துணிந்தவர் கற்க வேண்டிய பாடம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நேல்ட்யே யான்ஸில் அதே பாடம் உலகிலேயே இருக்கப்போகிறவரின் கணுக்காலுக்குச் சொல்லித் தரப்பட்டது. கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கால் நிலைக்காத ஆழத்தில் மிதக்க வேண்டுமானால், உடம்பு ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சரிந்த தரையிலும் அப்படித்தான்: நிற்பதே ஒரு வேலை.

ஆனால் ஊன்றுகோலோடு வருபவருக்கு அந்தச் சரிவு என்ன சொல்லும்? தடுமாற்றத்தை ஞானம் என்று கொண்டாட உறுதியான கால்கள் வேண்டும். இதை மறந்துவிட்டு இந்தக் கட்டடத்தைப் புகழ்வது நியாயமில்லை.

வேறோர் ஊரில் இருந்திருந்தால் இது வெறும் விளையாட்டுக் கூடமாகவே போயிருக்கும். இங்கே அப்படி ஆகவில்லை. காரணம், அதைச் சுற்றியிருக்கும் கடல். 1953 ஜனவரி 31 இரவு புயலோடு கடல் பொங்கிக் கரைகளை உடைத்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். இந்தத் தீவு அமைந்திருக்கும் ஓஸ்டர்ஸ்கெல்டே முகத்துவாரத்தை அணை கட்டி அடியோடு அடைத்துவிடுவது என்று முடிவானது. செத்தவர்களை எண்ணிப் பார்த்தால், அந்த முடிவைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

மீனவர்களும் சிப்பி வளர்ப்போரும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். உப்புநீர் வந்துபோகாவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் அழியும் என்றார்கள். 1976-இல் திட்டம் மாறியது. முழு அணைக்குப் பதிலாக 65 தூண்களும் அவற்றுக்கிடையே 62 எஃகு மதகுகளும். அந்தத் தூண்களை உருவாக்கும் வேலைக்காகத்தான் நேல்ட்யே யான்ஸ் தீவு பயன்பட்டது. 1986-இல் தடுப்பணை திறக்கப்பட்டது.

நிலைத்த சுவர் வேண்டும் என்ற அச்சத்துக்கும் நீரை ஓடவிட வேண்டும் என்ற அன்புக்கும் இடையில் ஒரு நாடு எடுத்த முடிவு இது. சரிந்த தரையில் ஒரு உடம்பு அடிக்கு அடி எடுக்கும் முடிவை, இங்கே ஒரு சமூகம் பல ஆண்டுகள் வாதாடி எடுத்தது.

கடல் வழக்கமான மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் ஏறும் என்று தெரிந்தால் மதகுகள் இறங்கும். மற்ற நாள்களில் அவை உயர்ந்தே நிற்கின்றன. நாளுக்கு இரண்டு முறை கடல் அவற்றின் அடியில் உள்ளே வந்து திரும்பிப் போகிறது.