வராமல் போனது

நோய் என்றதும், எங்கிருந்தோ ஏதோ வந்து உடம்புக்குள் புகுந்துவிட்டது என்றுதான் மனம் நினைக்கிறது. கிருமி, நஞ்சு, கெட்ட காற்று, கண்ணேறு. எதுவுமே புகாமல், வரவேண்டிய ஒன்று வராததால் மட்டுமே ஓர் ஆள் சாகலாம் என்பது லேசில் மனதில் படிவதில்லை.

*

தயமின். வைட்டமின் பி1 என்பார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். உடம்பில் உள்ள மொத்த இருப்பே 30 மில்லிகிராம் அளவுதான். வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

சோறு குளுக்கோஸாகி, குளுக்கோஸ் உடைந்து பைருவேட்டாகி, உயிரணுவின் உலை வரை வந்துவிடுகிறது. உள்ளே போய் எரிய வேண்டுமானால் தயமின் துணை வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே தேங்கி லாக்டிக் அமிலமாகத் திரும்புகிறது. வயிறு நிறைந்திருக்கிறது, அணு பட்டினி கிடக்கிறது. ஓயாமல் எரிபொருள் கேட்கிற இதயமும் நரம்பும் முதலில் தளர்கின்றன. பாதம் மரத்துப்போகும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதுதான் பெரிபெரி. தெம்பில்லையே என்று இன்னும் கொஞ்சம் வெள்ளைச் சோறு போட்டுக்கொண்டால், அதை எரிக்க இன்னும் கொஞ்சம் தயமின் வேண்டும். இந்தக் கணக்கு எனக்குக் கொடூரமாகப் படுகிறது.

*

1880களின் இறுதியில் ஜாவாவின் பத்தாவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் பெரிபெரிக்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால், இடையில் சில மாதம் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு ராணுவமல்லாத கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார்; கோழிகள் தவிடு நீங்காத அரிசிக்குத் திரும்பின. (அந்த மனிதரின் கறார்த்தனத்துக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.)

இவ்வளவு கண்டும் எய்க்மன், அரிசிக்குள் நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு முறிமருந்து என்றுதான் முதலில் நினைத்தார். நஞ்சு ஒன்றுமில்லை, உணவில் தேவையான ஒன்று குறைகிறது என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கிரைன்ஸ். நோபல் பரிசு 1929-இல் எய்க்மனுக்குப் போனது.

*

மலாயா எனக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியைத் தின்று ஆயிரக்கணக்கில் பெரிபெரியில் விழுந்தார்கள். தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிது. கூலியும் குடிசையும் சீனர்களுடையதைவிட உயர்ந்தவையல்ல. தின்றது புழுங்கல் அரிசி, அவ்வளவுதான் வித்தியாசம். பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். அவரும் பச்சரிசியில் நஞ்சு என்றே முடித்தார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் ஒரு பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் மரணங்கள் விழுந்தன. சம்மதம் கேட்கப்படாதவர்கள் அவர்கள். இந்த அறிவில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

*

புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, உமி வாய் பிளந்ததும் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். நீரில் கரையும் தயமின் தவிட்டிலிருந்து மணிக்குள் இறங்குகிறது. ஆவியில் வெந்த மாவுச்சத்து இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு தவிட்டைத் தீட்டினாலும் ஓரளவு தங்கும்.

அவித்தவர்கள் நினைத்தது இதையல்ல. குத்தும்போது குருணை விழக்கூடாது, சோறு குழையக்கூடாது, அரிசி நாள்பட இருக்கவேண்டும். முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று பெருமை பேசுவதில் எனக்கு நாட்டமில்லை. அறியாமல் செய்தது அறியாமலே காத்தது என்பதே போதுமான வியப்பு. அதே வீடுகளில்தான் கஞ்சியை வடித்துச் சத்தில் ஒரு பங்கை வெளியேற்றினோம். உப்புப் போட்டு அந்தக் கஞ்சியைக் குடித்தவருக்கு அது திரும்பக் கிடைத்தது.

*

தயமினை 1936-இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். இப்போது அது மலிவான மாத்திரை.

ஆனாலும் பெரிபெரி ஒழியவில்லை. மது குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கிறது; நாள்பட்ட குடிகாரர் சாப்பிடுவதும் குறைவு. அப்படி ஒருவர் சோர்ந்து வந்து விழும்போது, தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் துளியும் அதை எரிப்பதில் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். அதனால் முதலில் தயமின் ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ் என்பது மருத்துவர்களுக்குக் கற்றுத்தரப்படும் வரிசை.