பசியும் மனவுறுதியும்

மோர்டனில் எம்மவர் ஒருவர் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். செய்தி பரவியதும் எழுந்த கேள்வி: "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டினவனோ?"

இக்கேள்வியினுள் ஓர் அறக்கோட்பாடு ஒளிந்திருக்கிறது. பசியை வெல்பவனே உயர்ந்தவன் என்பது அது. விரதங்களைப் போற்றும் சமூகம் நாம். 1987 இல் நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாது பன்னிரண்டாம் நாள் இறந்ததை மறவாதவர்கள்.

ஆனால் பசி எல்லோருக்கும் ஒரே அளவினதா? இச்சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்காற் பங்கு அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெருமளவு சுரப்பது அப்பகுதியிலேதான். அதன்பின் பசி தணிகிறது. மனிதன் மாறவில்லை, சுரப்பு மாறியது. அப்படியாயின், மெலிந்தவரின் மனவுறுதி என்று நாம் மெச்சியதில் எவ்வளவு உடலின் கொடை?

குறைந்த பருமனிலேயே நீரிழிவு தெற்காசியரைப் பற்றிக்கொள்கிறது. ஆகவேதான் பிரித்தானிய வழிகாட்டுநெறிகள், இச்சிகிச்சைக்கான உடற்திணிவுச் சுட்டெண் எல்லையை எமக்கு 2.5 ஆல் குறைத்துப் பார்க்கச் சொல்கின்றன. இது பேராசைக்கான தண்டனையல்ல, நோய்க்கான வைத்தியம்.

குறுக்குவழியுமல்ல. முதற் கிழமைகளில் நீராகாரம், ஆயுள் முழுதும் விற்றமின் குளிகைகள், இரத்தப் பரிசோதனைகள். விருந்துக்குப் போனால் நாலு வாய்தான் இறங்கும். "என்ன தம்பி, என்ரை சமையல் பிடிக்கேல்லையோ?" என்று அகப்பையோடு வருகிற அக்காவுக்கு அவர் என்ன சொல்வது?

அவரது மனவுறுதி இப்போது சோதிக்கப்படுவது பசியால் அல்ல, எம்மால். அவருடைய கோப்பையில் உள்ளதை அளக்காமல் விடுவதற்கு எமக்கும் கொஞ்சம் அடக்கம் வேண்டும்.